உள்ளே ஒருவர்

கார்டை அவர் ஒரு தடவைதான் வைத்தார். கதவோரக் கருவி இரண்டு தடவை சத்தம் போட்டது.

டிங். டிங்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்து விடுகிற இடைவெளி. பூட்டுக்காரர் தன் கையையே பார்த்தார். கை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. கண்ணாடிக் கதவில் தெருவிளக்கின் மஞ்சளும் வானத்தின் வெளுப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன, உள்ளே தரை துடைக்கிற அம்மாள் வாளியை இழுத்துப் போகும் சத்தமும் மருந்துத் தண்ணீரின் வாசனையும் வந்தன, அந்த வாசனைக்கு அடியில், மூக்கை அங்கேயே வைத்திருந்தால்தான் பிடிபடும்படி, கருகிய மோட்டாரின் வாசனை. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் எழுத்து ஓடியது: நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.

அந்த வரியை எழுதியதே அவர்தான். உள்ளே போனவன் கார்டை ஜன்னல் வழியாக இன்னொருத்தனுக்குக் கொடுத்து அவனையும் இழுத்துக்கொள்வான் என்று அவருக்குத் தெரியும். மனிதர்கள் அப்படித்தான். ஒரு கார்டுக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரு இடம். உள்ளே இருப்பவன் வெளியே வராமல் மறுபடி உள்ளே வர முடியாது.

வாசல் காவலாளி நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். "என்ன சார், பெத்த புள்ளையே அப்பன் யாருன்னு கேக்குது?"

"மெஷின் கோளாறு. கதவைத் திறந்து விடுப்பா."

"இருங்க சார், உள்ள எங்க இருக்கீங்கன்னு பாத்துச் சொல்றேன். உங்களைப் பாத்தா ஒரு வணக்கம் வச்சிடலாம்." அவன் மேசைத் திரைப் பக்கம் திரும்பினான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆவண அறையில இருக்கீங்களாம் சார்."

பூட்டுக்காரர் கார்டைக் கழுத்து உறைக்குள் தள்ளினார். அந்த அறை மூன்று மாதமாக மூடிக் கிடந்தது.

பூட்டுக்காரர் என்பது அலுவலகம் வைத்த பெயர். மேசை டிராயருக்குப் பூட்டு, தண்ணீர் பாட்டில் வைக்கிற அலமாரிக்குப் பூட்டு, மழைக்காலத்தில் குடைக்கும் ஒரு சைக்கிள் பூட்டு. யாரையும் நம்பமாட்டார். திரையில் தெரிவதையும் நம்பமாட்டார். காகிதத்தில் அச்செடுத்துக் கையில் பிடித்தால்தான் ஒரு விஷயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வார். படிப்பு எட்டாவதோடு சரி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் திருகு கழற்றிப் பிழைத்த காலத்தில், கடைக்கு வந்த பழைய புத்தகங்களைப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். இந்தக் கட்டடத்தின் அத்தனை கதவும் இப்போது அவர் எழுதியதில்தான் திறந்து மூடுகிறது. பட்டம் வாங்கியவர்கள் நடுவில் இப்படி ஒரு மனுஷன் என்று மெச்சுவார்கள். மெச்சும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றுவார். என்றைக்காவது ஒரு கேள்வி வரும், தனக்குப் பதில் தெரியாது, நாலு பேர் பார்ப்பார்கள் என்று முப்பது வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

வந்தது. கேட்டது சோதனைப் பிரிவுப் பெண். அவர் மகள் வயதுகூட இருக்காது.

கதவுப் புரோகிராமின் நடுவில் 'வாசல்காரன்' என்று ஒன்றை அவர் வைத்திருந்தார். எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. இந்த வகைப் புரோகிராமில் முதலில் ஒரு அச்சு செய்வார்கள். அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். வாசல்காரனை மட்டும் ஒன்றுக்கு மேல் வார்க்கக் கூடாது. இரண்டு பேர் ஆகிவிட்டால் ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது. இப்படி ஒன்றே ஒன்றாக வைத்துக்கொள்வதைச் சிங்கிள்டன் என்பார்கள். வழி சுலபம். அச்சை ஒளித்துவிட வேண்டும். எந்தக் கதவு வந்து வாசல்காரன் வேண்டும் என்று கேட்டாலும், ஏற்கெனவே ஒருவன் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவனையே கொடு. இல்லையென்றால் ஒருவனைச் செய்து கொடு. அவ்வளவுதான். ராத்திரியில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். காலையில் முதல் கார்டு படும்போது அன்றைக்கான வாசல்காரன் பிறப்பான்.

"சார், ரெண்டு கதவுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல கார்டு வச்சா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "ரெண்டு பக்கமும் 'இன்னும் யாரும் இல்லை'ன்னுதானே தெரியும்? ஆளுக்கு ஒண்ணு செஞ்சிடுமே. நடுவுல ஒரு லாக் போடணும் சார். ஒருத்தர் கேட்டு முடிக்கிற வரைக்கும் அடுத்தவரை நிறுத்தி வைக்கணும்."

அவருக்குப் புரியவில்லை. மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள்.

"ஒரே நேரம்னா என்னம்மா? மனுஷன் ஒருத்தன் பின்னாடி ஒருத்தனாத்தானே வருவான்? லாக் போட்டா கதவு ஆடி அசைஞ்சு திறக்கும். போய் உன் வேலையைப் பாரு."

ஆறு பேரும் சிரித்தார்கள். அவள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். அன்று சாயந்திரம் தனியாகப் போய்க் கேட்டிருக்கலாம். புரியலம்மா, மறுபடி சொல்லு. மூன்று வார்த்தை. வாயில் வரவில்லை.

ஆவண அறைக்காரர் கட்டடத்தின் பின்பக்கமாக வருகிறவர். பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்குவதற்காக அந்த அறைக்குத் தெருப்பக்கம் தனி வாசல் இருந்தது. அவர் எதையும் இரண்டு தடவை செய்வார். கார்டை இரண்டு தடவை வைப்பார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணு எனக்கு, ஒண்ணு மெஷினுக்கு" என்பார். அதனால் எண்ணிக்கை குழம்புகிறது என்று பூட்டுக்காரருக்கு எரிச்சல். ஒரே கார்டு ஐந்து விநாடிக்குள் மறுபடி பட்டால் சத்தம் மட்டும் கொடு, கணக்கில் எடுக்காதே என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு காலை. முன்வாசலில் பூட்டுக்காரர் கார்டை வைத்தார். அதே நொடியில் பின்வாசலில் ஆவண அறைக்காரர் வைத்தார். இரண்டு கதவும் கேட்டன. இரண்டுக்கும் 'யாரும் இல்லை' என்று பதில். இரண்டு வாசல்காரன்கள் பிறந்தார்கள். பின்வாசலில் பிறந்தவன் ஆவண அறைக்காரரை நினைவில் வைத்துக்கொண்டான். அவனைத்தான் அடுத்த நொடி புரோகிராம் கைவிட்டது. முன்வாசலில் பிறந்தவனுக்கு அப்படி ஒரு மனிதர் வந்ததே தெரியாது. அவருடைய இரண்டாவது தேய்ப்பு அவனுக்குச் சொல்லியிருக்கும். அதைத்தான் எடுக்காதே என்று பூட்டுக்காரர் எழுதி வைத்திருந்தாரே.

பத்து மணிக்கு அறையில் ஒரு பழைய மின்விசிறியின் மோட்டார் கருகியது. புகை. எத்தனை பேர் உள்ளே என்று புரோகிராம் கேட்டது. யாருமில்லை என்றான் முன்வாசல்காரன். கதவுகள் இறுகின. ஆள் இருந்தால் மூச்சை அடைத்துவிடும் தீயணைப்பு வாயு இறங்கியது. ஒரு காகிதம்கூட எரியவில்லை.

ஆவண அறைக்காரர் உள்பக்கக் கருவிக்குக் கீழே குந்திய நிலையில் கிடந்தார். கார்டு கையில் இருந்தது. அதன் ஓரம் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. கருவியின் திரையில், பூட்டுக்காரர் எழுதிய இன்னொரு வரி நின்றுகொண்டிருந்தது: நீங்கள் உள்ளே இல்லை. உள்ளே இல்லாதவன் வெளியே போக முடியாது. அதுவும் திருட்டுக் கார்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடுதான்.

ஒவ்வொரு வாசல்காரனும் பிறந்ததும் தனக்கென்று ஒரு குறிப்பேடு திறப்பான். அன்றைய தேதியில் இரண்டு இருந்தன. ஒன்றில் ஒரே ஒரு வரி: ஆவண அறைக்காரரின் பெயர், நேரம், 'உள்ளே'. பூட்டுக்காரர் பழக்க தோஷத்தில் அதை அச்செடுத்தார். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். பிறகு லாக் போட்டார். இரண்டு வரி. அதற்கப்புறம் மேலாளரிடம் போய், கார்டு தேய்க்காமல் உள்ளே போயிருக்கிறார் என்று சொன்னார்.

அந்தக் காகிதத்தை அவர் கிழிக்கவில்லை. எட்டாக மடித்து, கழுத்தில் தொங்கும் கார்டு உறையில், கார்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது. என்றைக்காவது அந்த மனுஷனின் மனைவி கையில் கொடுத்துவிடலாம் என்று காலையில் நினைப்பார். சாயந்திரத்துக்குள் அந்த நினைப்பு செத்துவிடும். அந்தச் சாவு பற்றிய விசாரணை வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் கொடுத்தால் உண்டு.

இது செவ்வாய்க்கிழமை.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது மணி ஏழு. கதவைத் திறந்த மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாடியில இருந்து எப்ப இறங்குனீங்க?"

"நான் எங்க மாடிக்குப் போனேன்? இப்பத்தானே வர்றேன்."

"அரைமணி முன்னாடி வந்தீங்க. கை கழுவுனீங்க. மேல போனீங்க. நான்தானே கதவு திறந்தேன்? வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

கை கழுவும் தொட்டி ஈரமாக இருந்தது. துண்டு ஈரமாக இருந்தது. அவர் துண்டை எடுத்து முகர்ந்தார். சோப்பு வாசனை, அதற்கு அடியில், பழைய காகிதக் கட்டுக்குள் போடுகிற பூச்சி உருண்டையின் வாசனை, அதற்கும் அடியில் கருகிய வாசனை. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். மாடி அறையில் யாரும் இல்லை. நாற்காலி மட்டும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உட்கார்ந்து பார்த்தார். குஷன் சூடாக இருந்தது.

சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "ஒண்ணு சொல்லணும். வந்ததும் வாசல் கதவைப் பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாத்தீங்க. நல்ல பழக்கம்தான். வீடு பூரா பூட்டு வாங்கி மாட்டுன மனுஷன் இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இழுத்துப் பாத்திருக்கீங்களா?"

அவர் கையைக் கழுவாமலே எழுந்து போனார்.

புதன்கிழமையும் டிங், டிங். காவலாளி இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. வியாழக்கிழமை திரையைப் பார்க்கவே இல்லை, பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து விட்டான். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பூட்டுக்காரர் சோதனைப் பிரிவுப் பெண்ணின் மேசைக்குப் போய் நின்றார்.

"ஏம்மா. இப்ப உள்ள எத்தனை வாசல்காரன் இருக்கு, பாத்துச் சொல்லேன்."

அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுத் தட்டினாள். "ஒண்ணுதான் சார். லாக்தான் இருக்கே." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "ரெண்டு வரி. எப்ப சார் போட்டீங்க?"

அவர் டிபன் பாக்ஸின் மூடியைப் பார்த்தார்.

"அவரு போறதுக்கு முன்னாடியா, போனப்புறமா?"

குளிர்சாதனம் இரைந்தது. அவர் கழுத்து உறையைப் பிடித்துக்கொண்டார்.

"விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டா நான் சொல்லுவேன் சார். யாரும் கூப்பிட மாட்டேங்குறாங்க. நீங்களே சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கும் நல்லது." பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தாள். "ஆனா இது என்னன்னு புரியல. தினம் ராத்திரி அணைக்கிறோம், காலையில புதுசாத்தானே பொறக்கணும்? இது பொறந்த தேதி மூணு மாசம் பின்னாடி காட்டுது."

"எந்தத் தேதி?"

அவள் தேதியைச் சொன்னாள். நேரத்தையும் சொன்னாள். ஆவண அறைக்காரர் கடைசியாகக் கார்டு வைத்த காலை.

ஒரு வாசல்காரன்தான் இருக்கிறான். எந்த வாசல்காரன் என்பதுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை. நீள மேசை, மூன்று அதிகாரிகள், தண்ணீர் டம்ளர்கள். சுவரோரம் ஆவண அறைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. அதைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்து மூடினாள்.

"அவரு தேய்க்காம போற ஆளில்லைங்க," என்றாள். "ரெண்டு தடவை தேய்ப்பாரு. வீட்டுக் கதவைக்கூட ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் தெருவுல இறங்குவாரு. பணம் காசு கேட்டு வரலைங்க. புள்ளைங்க, அப்பா அஜாக்கிரதையாலதான் செத்தாராமேன்னு கேக்குதுங்க. தேய்ச்சாருன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

நடுவில் இருந்த அதிகாரி பூட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கார்டு பட்டுச்சா, படலியா?"

கை தன்னால் கழுத்து உறைக்குப் போயிற்று. காகிதத்தின் மடிப்பு விரலில் தட்டுப்பட்டது. எட்டு மடிப்பு. எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தால் முடிந்தது. வைத்தால் அடுத்த கேள்வி வரும். ஏன் இரண்டு பிறந்தது? உங்களிடம் யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். பின் ஏன் செய்யவில்லை? எனக்குப் புரியவில்லை. ஏன் கேட்கவில்லை? எட்டாவது படித்தவனுக்கு எதற்கு இந்த வேலை?

"படலைங்க," என்றார்.

கையெழுத்துப் போட்டார். பேனா மை கையில் ஒட்டியது.

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தார். அவள் கண்ணாடிக் கூட்டை மூடினாள், எழுந்தாள், அவர் முன்னால் வந்து நின்றாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுவாருங்க. விடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும்தான் மொத ஆளு, அவரு முன்பக்கம், நான் பின்பக்கம்னு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டாள். "அன்னிக்கு மட்டும் மறந்துட்டாரு போல."

கழிப்பறையில் பூட்டுக்காரர் அந்தக் காகிதத்தைப் பிரித்தார். ஒரே ஒரு வரி. அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்துத் தண்ணீர் விட்டார். எழுத்துகள் சுழன்று சுழன்று போயின. ஒரு துண்டு மட்டும் போகவில்லை. மறுபடி தண்ணீர் விட்டார். இரண்டாவது தடவைக்குப் போய்விட்டது.

ஐந்தரை மணி. வெள்ளிக்கிழமையானதால் கட்டடம் சீக்கிரமே காலியாகிக்கொண்டிருந்தது. மேலாளர் விசாரணை ஃபைலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதை ஆவண அறையில வச்சிட்டு வந்துடுங்களேன். அந்த ரூமுக்குள்ள யாரைப் போகச் சொன்னாலும் வயித்துவலிங்குறான். நீங்க செஞ்ச கதவு, உங்களுக்கென்ன பயம்?"

பயமாக இருக்கிறது என்று சொல்லலாம். அதற்கும் வெட்கம்தான் வந்தது.

நீளமான நடைவழி. மேலாளர் மறுகோடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆவண அறையின் கதவில் முகம் தெரிகிற உயரத்தில் கண்ணாடி, அதன் பக்கத்தில் எண்ணிக்கைப் பலகை. பச்சை எழுத்து.

உள்ளே: 1.

மூடிக் கிடக்கிற அறை. பூட்டுக்காரர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். இரும்பு அலமாரிகள், பெட்டிகள், கூரையில் கழற்றாமல் விட்ட அந்த விசிறி. யாரும் இல்லை. பலகை கெட்டுப்போயிருக்கும். செவ்வாய்க்கிழமையிலிருந்து இது இப்படித்தான், ஏற்கெனவே தன்னை உள்ளே எண்ணிவிட்டது. அப்படியென்றால் கதவு சிவப்பு காட்ட வேண்டும்.

கார்டை வைத்தார். டிங். டிங். பச்சை. கதவு திறந்தது.

பலகையைப் பார்த்தார். உள்ளே: 1.

ஒருவர் ஏற்கெனவே இருந்தார். இப்போது இவரும் போகிறார். இருந்தும் ஒன்று. அந்த ஒன்று யார் என்று யோசிக்கும்போதே கால் உள்ளே போய்விட்டிருந்தது. கதவு பின்னால் சாத்திக்கொண்டது, ரப்பர் விளிம்பு ரப்பரில் அமுங்குகிற மெத்தென்ற சத்தத்தோடு.

பூச்சி உருண்டை. காகிதத் தூசி. கருகல். வாசனை நாக்கிலேயே படிந்தது. மூன்றாவது அலமாரிக்கு நடந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. நின்றார். சத்தம் இன்னும் ஒரு தடவை கேட்டது. ஃபைலைத் தட்டில் வைத்தார். அட்டை தட்டில் படுகிற சத்தம். அலமாரிக்கு அந்தப் பக்கம், இன்னொரு அட்டை இன்னொரு தட்டில் படுகிற சத்தம்.

"யாரு?"

பதில் இல்லை. பெட்டிகளின் இடுக்கில் வெள்ளையாக ஒன்று நகர்ந்தது. சட்டை. நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை. இன்று காலை மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தது. அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அதே கோடு.

கதவுப் பக்கம்.

டிங். டிங்.

ஓடினார். அலமாரி முனை இடுப்பில் இடித்தது. கதவு ஏற்கெனவே சாத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்தார். நடையில் ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. கழுத்துச் சுருக்கம். வழுக்கையின் பின்பக்கம். இடது தோள் கொஞ்சம் இறங்கிய நடை. தன் முதுகை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

மேலாளரின் குரல் கண்ணாடி வழியாக மெலிந்து வந்தது. "வச்சாச்சா? எதுக்கு சார் ரெண்டு தடவை தேய்க்கிறீங்க?"

"ஒண்ணு எனக்கு," என்றது அவருடைய குரல். "ஒண்ணு மெஷினுக்கு."

மேலாளர் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் போனார்கள்.

அவர் கார்டை உள்பக்கக் கருவியில் வைத்தார். சத்தம் இல்லை. திரையில் எழுத்து ஓடியது.

நீங்கள் உள்ளே இல்லை.

மறுபடி வைத்தார். நீங்கள் உள்ளே இல்லை. பின்வாசலுக்கு ஓடினார். நீங்கள் உள்ளே இல்லை. திரும்பி ஓடிவந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பலகையின் பச்சை எழுத்து சாய்வாகத் தெரிந்தது.

உள்ளே: 0.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. இரும்பு அறை. சுவரில் உள்தொடர்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. எடுத்துக் காவலாளியின் எண்ணை அழுத்தினார்.

"செக்யூரிட்டி."

"நான்தாம்பா. கதவு மாட்டிக்கிச்சு. வந்து திற."

"நான்தான்னா யாரு?"

"கதவு செஞ்சவன்யா! பூட்டுக்காரன்!" அந்தப் பெயரை அவரே சொல்வது இதுதான் முதல் தடவை.

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "சார் இப்பத்தான் என் முன்னாடி வெளிய போனாரு. வணக்கம்கூட வச்சேன்." குரல் இறங்கியது. "இது... ஆவண அறை லைனாச்சே. அங்க ஜீரோ காட்டுது."

"இருக்கேன்யா. நான் உள்ளதான் இருக்கேன். கார்டு தேய்ச்சேன். சத்தியமா தேய்ச்சேன்."

 அப்புறம் காவலாளி மிகவும் மரியாதையாக, நடுங்கிக்கொண்டு சொன்னான்: "ஐயா, நீங்க தேய்க்கலைன்னு இன்னிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. போயிடுங்க ஐயா."

வைத்துவிட்டான். மறுபடி அழுத்தினார். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

வீட்டில் இந்நேரம் கதவைத் திறந்து விடுவாள். சீக்கிரம் வந்துட்டீங்களே என்பாள். கை கழுவும் சத்தம். பிறகு வாசல் கதவு. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. நல்ல பழக்கம்.

நடையில் வாளிச் சத்தம் கேட்டது.

தரை துடைக்கிற அம்மாள். அவர் இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தார். கத்தினார். கண்ணாடி கல் மாதிரி இருந்தது. அவள் துடைத்துக்கொண்டே வந்தாள். நின்றாள். பலகையைப் பார்த்தாள். நிமிர்ந்து நேராகக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அம்மா! இங்க! இங்க பாரும்மா!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில்.

தலைக்கு மேலே விசிறி தன்னால் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. மெல்லிசாகப் புகை. கருகல் வாசனைக்கு அடியில் இப்போது வேறு எதுவும் இல்லை.

அவர் கார்டைக் கருவியில் வைத்தார். எடுத்தார். வைத்தார். கார்டின் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். ஊக்கைப் பல்லால் பிரித்துக் கொண்டையில் செருகினாள். அவர் வாய் திறந்திருந்த இடத்தில் தன் முகத்தை வைத்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பி அழகு பார்த்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.